உருக்குக்குத் தோய்ச்சல் இடுதல்: நாற்பத்தைந்தாம் இலக்க உருக்கின் இயல்புகளும் வெப்பப் பரிகரிப்பும்

நிக்கொலாய் ஒஸ்திரோவ்ஸ்கியின் நாவல் தமிழ் வாசகருக்கு 'வீரம் விளைந்தது' என்ற பெயரிலேயே அறிமுகமாயிற்று. 1932ஆம் ஆண்டுக்கும் 1934ஆம் ஆண்டுக்கும் இடையில் வெளிவந்த அந்நாவலின் ருஷ்யத் தலைப்பிலே வீரம் என்ற சொல் இல்லை. அங்கே இருப்பது உருக்கு. உருக்குத் தோய்ச்சல் பெற்றது எவ்வாறு என்பதே மூலத் தலைப்பின் நேர்ப்பொருளாகும். 1937இல் இலண்டனில் வெளியான ஆங்கில மொழிபெயர்ப்பும் உருக்கை விடுத்து, வீரனொருவன் உருவாதல் என்ற பொருள்படத் தலைப்பிட்டது. பின்னர் மொஸ்கோவிலிருந்து வந்த ஆங்கிலப் பதிப்பு உருக்கை மீட்டுக் கொணர்ந்ததெனினும், அது கையாண்ட 'ரெம்பர்' என்னும் வினை, பேச்சு வழக்கில் எவ்வாறாயினும், பட்டறையிலே மூலச்சொல் குறிக்கும் செயலைக் குறிப்பதில்லை. அதற்கு அடுத்து நிகழும், ஏறக்குறைய எதிரான, இன்னொரு செயலையே குறிக்கின்றது.

இது சொல்லாராய்ச்சியாளரின் வீண் நுணுக்கம் அன்று. உருக்கை வன்மையாக்குவது ஒரு செயல். அவ்வாறு பெற்ற வன்மையின் ஒரு பகுதியை மனமறிந்து இழக்கச் செய்வது மற்றொரு செயல். முன்னது மாத்திரம் நிகழ்ந்து பின்னது நிகழாதவிடத்து, கிடைக்கும் பொருள் பெரும்பாலான யந்திர உறுப்புகளுக்குப் பயன்படாது. உருக்கை உவமையாக எடுத்தாளும் நம்மவரிற் பலர் முன்னதை மட்டுமே அறிந்தவர்கள். ஆதலின், மிகச் சாதாரணமான ஓர் உருக்கினை எடுத்துக்கொண்டு, அது நெருப்பிலும் நீரிலும் என்ன மாற்றங்களை அடைகின்றதென்பதை விளக்க முனைவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இலக்கிய மாணவன் ஒருவனுக்கு உலோகவியலில் என்ன வேலை என்று வினவுவோர், உவமானத்தை அறியாமல் உவமேயத்தை எங்ஙனம் அறிவதென்று தம்மைத் தாமே வினவிக்கொள்ளலாம்.

எடுத்துக்கொள்ளும் உருக்கு, சோவியத் நியமங்களில் 'ஸ்தால் 45' எனப்பட்டது. இன்றும் அப்பெயர் வழக்கிலுண்டு. பெயரிலுள்ள இலக்கம் காபனின் அளவை நூற்றிலொரு வீதக் கணக்கிற் சுட்டுவது. அஃதாவது நூறு பங்கு உருக்கில் ஏறத்தாழ 0.45 பங்கு காபன். நியமம் 0.42 முதல் 0.50 வரை இடமளிக்கின்றது. மங்கனீசு 0.50 முதல் 0.80 வீதம்; சிலிக்கன் சிறிதளவு; கந்தகமும் பொசுபரசும் இயன்றளவு குறைவு; எஞ்சியது இரும்பு. இதே உருக்கை ஜேர்மானியர் 'சீ 45' என்பர். அமெரிக்கர் ஏறத்தாழ இதனையே 1045 என்பர். பிரித்தானியர் 1941ஆம் ஆண்டில், யுத்த நெருக்கடியின் மத்தியில், நூற்றுக்கணக்கான உருக்கு வகைகளைச் சுருக்கி அட்டவணைப்படுத்தியபோது 'ஈஎன் 8' என்ற பெயரை இதன் நெருங்கிய உறவான, காபன் சற்றுக் குறைந்த, உருக்குக்குக் கொடுத்தனர். நமது நாட்டுக் கடைசற் பட்டறைகளிலே அப்பெயரே இன்றும் செவியில் விழுகின்றது. அச்சுத்தண்டு, பற்சில்லு, மரையாணி, வணரித்தண்டு என மிக அதிகமாகப் பயன்படும் உறுப்புகள் இவ்வகை உருக்கினாலேயே ஆக்கப்படுகின்றன. குரோமியம், நிக்கல் முதலிய விலையுயர்ந்த உலோகங்கள் எதுவும் இதற்கு வேண்டியதில்லை. அதனாலேயே இது மலிவு.

இனி இதன் உள்ளமைப்பை நோக்குவோம். அறைவெப்பநிலையிலுள்ள இரும்பின் அணுக்கள் கனசதுரங்களின் மூலைகளிலும் ஒவ்வொரு கனசதுரத்தின் மையத்திலும் நிற்பவை. இந்த ஒழுங்கில் காபன் அணுக்களுக்கு ஏறக்குறைய இடமே இல்லை. 727 பாகை செல்சியசிற்கூட 0.02 வீதமளவே கரையும். சூடேற்றும்போது, குறித்த எல்லையைத் தாண்டியதும் அணுக்கள் வேறோர் ஒழுங்கிற்கு மாறுகின்றன. மையத்தை விடுத்து முகங்களின் நடுவே நிற்கின்றன. இப்புதிய ஒழுங்கு காபனைத் தாராளமாக ஏற்கவல்லது. நமது உருக்கைப் பொறுத்தவரை 725 பாகையளவில் இம்மாற்றம் தொடங்கி, 800 பாகையை எட்டுமுன்னரே நிறைவெய்திவிடும். அந்நிலையில் 0.45 வீதக் காபன் முழுவதும், உப்பு நீரிற் கரைந்திருப்பதுபோல, திண்மமான இரும்பினுள்ளேயே கரைந்திருக்கும். இந்நிலைக்கு ஒஸ்ரெனைற்று என்று பெயர்.

சூளையை அணைத்துவிட்டு, உருக்கை அதனுள்ளேயே மெல்ல மெல்ல ஆறவிட்டால், இரும்பு பழைய ஒழுங்கிற்கு மீளும். இடமிழந்த காபன் ஒதுங்கிச் சென்று, மூன்று இரும்பணுவுக்கு ஒரு காபனணுவாகச் சேர்ந்து, காபைட்டு என்னும் கடுமையான சேர்வையாகும். நுணுக்குக்காட்டியில் இதனை முதன்முதலாக முறைப்படி நோக்கியவர் ஷெபீல்ட் நகரத்து ஹென்றி கிளிஃப்டன் சோர்பி. பாறைகளை ஆராய்ந்துகொண்டிருந்த அவர், 1863இலும் 1864இலும் உருக்கின் முகத்தை ஒப்பமிட்டு, அமிலத்தால் அரித்துப் பார்த்தார். தூய இரும்பின் தகடும் காபைட்டின் தகடும் மாறிமாறி அடுக்கப்பட்ட ஒரு பகுதி முத்துச்சிப்பியின் உட்புறம்போல மினுங்கிற்று. அதுவே பின்னர் பேர்லைற்று எனப் பெயர் பெற்றது. நமது உருக்கில் பாதிக்குச் சற்று மேற்பட்ட பகுதி இந்தப் பேர்லைற்று. எஞ்சியது மிருதுவான தூய இரும்பு. உருக்குக் கைத்தொழிலின் தலைநகரிலேயே செய்யப்பட்ட இவ்வாய்வு, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எவராலும் பொருட்படுத்தப்படாது கிடந்தமை குறிப்பிடத்தக்கது.

சூளையினுள் ஆறியது மிக மிருதுவானது. கடைவதற்கும் துளையிடுவதற்கும் ஏற்றது. சூளையிலிருந்து எடுத்துக் காற்றில் ஆறவிட்டால், அதாவது நியமமாக்கினால், மணியுருக்கள் நுண்மையடைந்து வலிமை சற்று உயரும். இந்நிலையில் இழுவலிமை 600 மெகாபாஸ்கலுக்கும், நிலையான நீட்சி தொடங்கும் தகைப்பு 355 மெகாபாஸ்கலுக்கும் குறையலாகாதென்று சோவியத் நியமம் விதித்தது. பெரும்பாலான சாதாரணத் தேவைகளுக்கு இது போதுமானது. இதற்குமேற் சொல்ல அதிகமில்லை.

ஆனால் மேற்கூறிய எல்லைகள் கண்டறியப்பட்ட வரலாறு விரித்துரைக்கத்தக்கது. 1860களில் சென்பீற்றஸ்பேர்க்கின் ஒபுகோவ் ஆலையில் வார்க்கப்பட்ட பெரும் பீரங்கிகள் பரீட்சையின்போதே வெடித்தன. ஒரே வகை உருக்கு, ஒரே சம்மட்டி. ஆயினும் ஒரு குழாய் தாங்கிற்று, மற்றொன்று சிதறிற்று. 1866இல் அவ்வாலையின் சம்மட்டிக் கூடத்திற் சேர்ந்த திமீத்ரி செர்னோவ் என்னும் இளம் பொறியியலாளர், உடைந்த முகங்களின் மணியுருவை ஒப்புநோக்கி, குற்றம் உருக்கின் சேர்க்கையில் அன்று, அது சூடாக்கப்பட்ட முறையிலேயே உள்ளதென்று முடிவு செய்தார். 1868இல் ருஷ்யத் தொழில்நுட்பக் கழகத்திற்கு அவர் சமர்ப்பித்த ஆய்வு இரு எல்லைகளை வரையறுத்தது. முதலெல்லையை எட்டாத உருக்கை எவ்வளவு விரைவாகக் குளிர்வித்தாலும் அது வன்மையடையாது. இரண்டாவது எல்லையைத் தாண்டாத உருக்கின் பருமணிகள் நுண்மணிகளாக மாறா. அவ்வெல்லைகளை அளக்க அவரிடம் அந்நாளில் வெப்பமானி எதுவும் இருக்கவில்லை. கருஞ்செம்மை, செம்மை என்று கொல்லர் கண்ணால் அறியும் நிறங்களையே அவர் தம் அளவுகோலாகக் கொண்டார். இருபது ஆண்டுகளின் பின்னர் பிரான்சில் ஃபுளோறிஸ் ஒஸ்மொண்ட், லெ சற்றெலியேயின் வெப்பவிணையைக் கொண்டு அதே எல்லைகளுக்குப் பாகைக் கணக்கிட்டார். கொல்லனின் கண் கண்டதைச் செர்னோவ் கோட்பாடாக்கினார். ஒஸ்மொண்ட் அதனை எண்ணாக்கினார். இந்த வரிசையை மறந்து, விஞ்ஞானம் ஆய்வுகூடத்திலிருந்து பட்டறைக்கு இறங்கி வந்ததென எழுதுவோர் வரலாற்றைத் தலைகீழாக நிறுத்துகின்றனர்.

அடுத்து வன்மையாக்கல். நமது உருக்கை 820 முதல் 860 பாகை வரை சூடாக்கி, ஒஸ்ரெனைற்று முற்றும் உருவானபின் தண்ணீரில் அமிழ்த்துகின்றனர். ருஷ்ய நாவலின் தலைப்பிலுள்ள வினை இதனையே குறிக்கும். இங்கே காபனுக்கு ஒதுங்கிச் செல்ல அவகாசம் கிடைப்பதில்லை. ஏறத்தாழ 330 பாகையில், அணுக்கள் தனித்தனியே இடம்பெயராமல், கூட்டங்கூட்டமாக ஒருங்கே சரிந்து ஒழுங்கு மாறுகின்றன. தப்ப வழியற்ற காபன் அவ்வொழுங்கினுள்ளே சிறைப்பட்டு அதனை ஒரு பக்கமாக நீட்டி உருக்குலைக்கின்றது. இந்த ஊசியுருவான அமைப்பிற்கு, பேர்லினில் உலோகப் பரிசோதனையை நிலைநாட்டிய அடொல்ஃப் மார்ட்டென்ஸின் நினைவாக ஒஸ்மொண்ட் 1895இல் மார்ட்டென்சைற்று என்று பெயரிட்டார். மெல்ல ஆறிய உருக்கின் வன்மை பிறினெல் அளவில் 200க்குக் கீழே. நீரில் தோய்ந்தது றொக்வெல் 'சீ' அளவில் 55க்கு மேல் நிற்கும். முன்னதை அரம் எளிதில் அராவும். பின்னதன்மேல் அரம் வழுக்கிச் செல்லும்.

அளவு மாற்றம் குணமாற்றமாகும் என்ற விதிக்கு இதோ ஒரு சான்று என்று நண்பர் சிலர் இவ்விடத்தில் மகிழ்ந்து கூறக்கூடும். எங்கெல்ஸ் தந்த நீர், நீராவி எடுத்துக்காட்டுடன் உருக்கையும் சேர்த்துவிடலாம் என்பர். ஆயின் சற்று நிதானித்தல் நன்று. மெல்ல ஆறிய துண்டும் விரைந்து ஆறிய துண்டும் ஒரே வெப்பநிலையில் தொடங்கி ஒரே வெப்பநிலையில் முடிந்தவை. வேறுபாடு வெப்பநிலையில் இல்லை. எடுத்துக்கொண்ட நேரத்திலேயே உள்ளது. 1930இல் அமெரிக்காவில் டவன்போட், பெயின் என்னும் இருவர் சிறு உருக்குத் துண்டுகளை வெவ்வேறு வெப்பநிலைகளில் நிறுத்திவைத்து, ஒவ்வொன்றிலும் மாற்றம் தொடங்க எவ்வளவு நேரம் செல்கின்றதெனக் கணித்து வளைகோடுகளாக வரைந்தனர். நமது உருக்கைப் போன்ற வெறுங்காபன் உருக்குகளில் மாற்றம் மிக விரைவாக நிகழ்வது 550 பாகையளவில். அவ்விடத்தைக் கடக்க ஒரு செக்கனுக்கு மேற் சென்றால் பேர்லைற்று உருவாகத் தொடங்கிவிடும். ஆகவே வன்மையாக்கல் என்பது ஒரு செக்கனுக்கான போட்டி. இயற்கையின் இயங்கியலைக் காட்ட உருக்கு உதவுமாயின், ஒரு பொருளின் குணம் அது கடந்துவந்த பாதையிலும் தங்கியிருக்கின்றதென்பதைக் காட்டவே அது பெரிதும் உதவும். வாய்பாட்டை ஒப்பிப்பதால் இது புலனாகாது.

நீரில் தோய்ந்து வெளிவந்த துண்டு வன்மையானது. ஆனால் அச்சம் மிக்கது என்றே சொல்லவேண்டும். சம்மட்டியால் ஓர் அடி, அல்லது கற்றளத்தில் ஒரு விழுகை, அதனை முறிக்கப் போதும். சிலவேளைகளில் எவரும் தொடாமலே, இரவு முழுதும் கிடந்த துண்டு காலையில் வெடித்திருக்கும். காரணம் இது: மார்ட்டென்சைற்று ஒஸ்ரெனைற்றிலும் சற்று அதிக இடத்தைப் பிடிப்பது. வெளித்தோல் முதலில் மாறி இறுகிவிட, பின்னர் உட்பகுதி மாறி விரிய முயல்கின்றது. இறுகிய தோல் இழுபட்டுப் பிளக்கின்றது. ஆகவேதான் தோய்த்த துண்டைத் தாமதியாது மீண்டும் சூளையிலிட வேண்டும் என்பது பட்டறை விதி.

இந்த இரண்டாவது சூட்டைப் பதமாக்கல் எனலாம். ருஷ்யர் இதற்கு வழங்கும் சொல் 'ஓத்புஸ்க்'. விடுவித்தல், தளர்த்தல் என்பது அதன் பொருள். தொழிலாளி பெறும் விடுமுறைக்கும் அங்கே அதே சொல்தான். 150 முதல் 200 பாகை வரை சூடாக்கினால் வன்மை அதிகம் குறையாது. உள்ளிழுவைகள் மட்டும் தணியும். 250க்கும் 400க்கும் இடையே ஓர் ஆபத்து உண்டு: வன்மை குறைந்துகொண்டே போகையில் முறிவெதிர்ப்பும் உயராது, சில உருக்குகளில் முன்னிருந்ததிலும் தாழ்ந்துவிடும். விட்டுக்கொடுத்தது வீணாயிற்று என்னும்படியான அந்த வலயத்தைப் பொறியியலாளர் பொதுவாகத் தவிர்ப்பர். 550 முதல் 650 பாகையில், சிறைப்பட்ட காபன் முழுவதும் வெளியேறி, மிக நுண்ணிய காபைட்டு மணிகளாக இரும்பெங்கும் பரந்து நிற்கும். சோர்பியின் நினைவாக இவ்வமைப்புக்குச் சோர்பைற்று என்று பெயர். வன்மை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஆயினும் வலிமை நியமமாக்கிய உருக்கினும் மிகையாகவும், அடி வாங்கியும் முறியாதிருக்கும் ஆற்றல் பன்மடங்காகவும் அமையும். வன்மையாக்கலையும் இவ்வுயர் பதமாக்கலையும் சேர்த்து ஜேர்மானியர் 'ஃபெர்கியூற்றென்' என்கின்றனர். நல்லதாக்குதல் என்று அதனைத் தமிழ்ப்படுத்தலாம். நமது உருக்கு அவர்களின் அட்டவணையில் அவ்வினத்திலேயே வைக்கப்பட்டுள்ளது.

கொல்லரிடையே வழங்கும் தோய்ச்சல் என்ற சொல் இவ்விரு செயல்களையும் ஒருங்கே அடக்குவது. உளியின் நுனியை மட்டும் நீரில் அமிழ்த்தி எடுத்து, உராய்ந்து மினுக்கி, பிடிப்பக்கத்தில் எஞ்சிய சூடு நுனியை நோக்கி ஓடி வருவதைக் கொல்லன் கண்கொட்டாது பார்த்திருப்பான். மினுங்கும் முகத்தில் வைக்கோல் மஞ்சள் தோன்றும். அது கபிலமாகி, ஊதாவாகி, நீலமாகும். வேண்டிய நிறம் நுனியை அடைந்த கணத்தில் மீண்டும் நீரிலிடுவான். மஞ்சள் ஏறத்தாழ 220 பாகை; நீலம் 300 பாகையளவு. ஒரே சூட்டில் இரு செயல்களும் முடிவதால் அவற்றுக்கு இரு சொற்கள் அவனுக்குத் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது நமக்கு, ஆனால் நாம் ஒன்றை மறந்தோம்.

ஒஸ்திரோவ்ஸ்கியும் தம் தலைப்பை விளக்குமாறு கேட்கப்பட்டபோது, பெருவெப்பத்திலும் கடுங்குளிர்விப்பிலும் உருக்கு அச்சமற்றதாகின்றது என்ற கருத்துப்படவே விடையளித்தார். அவரது படைப்போ அவரது விளக்கத்தினும் விரிந்தது. உள்நாட்டு யுத்தமும் இரயிற்பாதைக் கட்டுமானமும் கோர்ச்சாகினைத் தோய்த்தெடுக்கின்றன என்பது உண்மையே. எனினும் இரண்டாம் பாகத்தின் பிற்பகுதி முழுவதும் நோய், செயலின்மை, பார்வையிழப்பு, புதிய பணியொன்றைத் தேடிக் கண்டடைதல் ஆகியவற்றின் கதையாகும். முற்போக்கு விமரிசகர் பலர் முதற்பகுதியிலேயே தங்கி, உருக்குப்போன்ற உறுதி என்ற ஒற்றைத் தொடரால் பாத்திரத்தை அளந்தனர். அந்த அளவுகோலையே பின்னர் நம் எழுத்தாளருக்கும் நீட்டினர். தளராத, ஐயுறாத, வளையாத நாயகனை வேண்டினர். தோய்த்து, பதமாக்காத உருக்கையே அவர்கள் வேண்டினர் என்பது என் கருத்து. அத்தகைய அச்சுத்தண்டை எந்தப் பொறியியலாளனும் வண்டியிற் பூட்டமாட்டான்.

உறுப்பின் பருமன் பற்றியும் இங்குக் கூறியாக வேண்டும். கைவிரற் பருமனான தண்டு நீரில் மையம் வரை வன்மையடையலாம். 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள தண்டிலோ, மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீற்றர் மாத்திரமே அந்த ஒரு செக்கன் போட்டியில் வெல்லும். உள்ளிருக்கும் வெப்பம் அத்தனை விரைவில் வெளியேற இயலாது. குரோமியமும் நிக்கலும் சேர்ப்பது முதன்மையாக இக்குறையை நீக்கி, மாற்றத்தைத் தாமதப்படுத்தவேயன்றி, மார்ட்டென்சைற்றை மேலும் வன்மையாக்க அன்று. ஆனால் இக்குறையே சிலவிடத்து நன்மையுமாகும். 1930களில் லெனின்கிராட்டில் வொலொக்டினும், அமெரிக்காவில் வேறு சிலரும், அதிமீடிறன் மின்னோட்டத்தால் உறுப்பின் தோலை மட்டும் சில செக்கன்களிற் சூடாக்கி நீர் தெளித்து வன்மையாக்கும் முறையை வளர்த்தனர். தேய்மானத்தைத் தோல் தாங்கும். அதிர்ச்சியை உள்ளகம் தாங்கும். வணரித்தண்டுகள் பல இன்றும் இம்முறையிலேயே பரிகரிக்கப்படுகின்றன.

இவ்வறிவு யாருடையது என்ற வினாவுக்கு அமெரிக்க வரலாறு கசப்பானதொரு விடையைத் தருகின்றது. 1898 தொடக்கம் பெத்லகேம் உருக்காலையில் பிரெடெறிக் ரெய்லரும் மோன்செல் வைற்றும், வெட்டுக் கருவிகளுக்கான தங்ஸ்தன் உருக்குகளை, கொல்லர் அனைவரும் உருக்குக் கெட்டுவிடும் என்றெண்ணிய எல்லைக்கும் அப்பால், உருகுநிலையை அண்மிச் சூடாக்கினர். கருவிகள் செஞ்சூட்டிலும் கூர் மழுங்காது வெட்டின. 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியில் அவற்றைக் கண்டோர் திகைத்தனர். இது நமது உருக்கைப் பற்றிய செய்தி அன்று. ஆயினும் அதிலிருந்து ரெய்லர் பெற்ற முடிவு எல்லா உருக்குக்கும் உரியதாயிற்று. தோய்ச்சல் கொல்லனின் தீர்ப்பில் இருத்தலாகாது. வெப்பமானியும் எழுத்திலமைந்த கட்டளையும் அதனை ஆளவேண்டும் என்பதே அம்முடிவு. தொழிலாளரின் மரபறிவைத் திரட்டி முகாமையின் கையில் ஒப்படைப்பதே ரெய்லரின் திட்டமென 1974இல் ஹரி பிரேவர்மன் விரிவாக எடுத்துக்காட்டினார். அவரே செப்புக் கன்னாராகப் பயின்றவர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. ஆனால் வெப்பமானியைப் பழிப்பதற்கில்லை. பாகைக் கணக்கு கொல்லனின் கண்ணிலும் நம்பகமானது. மேகமூட்டமான நாளில் செம்மை ஒன்றாகவும் வெயிலில் மற்றொன்றாகவும் தோன்றும் என்பதைக் கொல்லரே ஒப்புவர். வெப்பமானியை வாசிப்பவனுக்கு அது ஏன் அவ்வெண்ணைக் காட்டவேண்டும் என்பது சொல்லப்படாமற் போனதே குறை.

நமது நாட்டுக் கொல்லுலைகளில் நிலைமை வேறு. அங்கே இலக்கமிட்ட உருக்கு அரிதாகவே வரும். கழித்துவிட்ட லொறியின் வில்லுத்தகடோ, உடைந்த அச்சுத்தண்டோதான் கத்தியாகவும் உளியாகவும் மாறுகின்றது. வில்லுத்தகடு நமது உருக்கிலும் காபன் கூடியது; அதனை அப்படியே நீரிலிட்டால் வெடிக்கக்கூடும், எண்ணெயில் இடவேண்டும். கைக்கு வந்த துண்டு எவ்வினம் என்பதை அறிய, சாணைச்சில்லில் ஒருமுறை பிடித்துப் பொறி பறக்கும் விதத்தைப் பார்ப்பர். காபன் குறைந்ததன் பொறி நீண்டு நேராக ஓடும்; கூடியதன் பொறி குட்டையாகிக் கிளைவிட்டுப் பூப்போலச் சிதறும். பின் ஓரத்திற் சிறு துண்டை வெட்டி, தோய்த்து, சம்மட்டியால் முறித்து, முறிந்த முகத்தின் மணியைப் பார்ப்பர். செர்னோவ் ஒபுகோவ் ஆலையில் செய்ததும் அதுவே.